மேலே கல்லான மீன், கீழே புளித்த தயிர்

கல்லடியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மூன்று வாரம் ஆட்டம் காட்டியது. மேல் அறையில் மீன் கல்லாக உறைந்திருந்தது. கீழே வைத்த முட்டித் தயிரோ மறுநாளே புளித்துப் பொங்கியது. குளிர் அளவைக் கூட்டினேன், கதவு ரப்பரைத் துடைத்தேன், பின்பக்கத் தூசியைத் தட்டினேன். பலனில்லை. பழுது பார்க்க வந்தவர் குளிரூட்டும் வாயு குறைந்துவிட்டது என்றார். வாயு குறைந்திருந்தால் மீன் எப்படிக் கல்லாகும்?

கதவைத் திறந்ததும், குளிர்காற்றைக் கீழே தள்ளும் உள்விசிறி நின்றுவிடும்; அதனால் அதன் சத்தம் யார் காதிலும் விழுவதில்லை. கதவு மூடியிருப்பதுபோல் விசிறி ஓடட்டும் என்று கதவோரத்துச் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தேன். கரகரவென்று எதையோ உரசும் ஒலி. பிளக்கைக் கழற்றிவிட்டு மேல் அறையின் பின்பலகையைத் திறந்தால், குளிர்க்குழாய்கள் முழுவதும் பனிச்சுவர். விசிறியின் இதழ் அதில் முட்டிக்கொண்டிருந்தது. கீழே காற்றுப் போக வழியே இல்லை.

ஒரு நாள் முழுவதும் கதவைத் திறந்துவைத்துப் பனியை உருகவிட்டேன். குளிர்ந்தது, ஒன்பதாம் நாள் மறுபடியும் அதே கதை. அந்தப் பனியை அவ்வப்போது உருக்குவதற்கென்றே உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதற்கு மின்சாரம் போகும் வழியிலிருந்த வெப்ப ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்து மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்பு இணைப்பு) அறுந்திருந்ததை மல்டிமீட்டர் காட்டிக்கொடுத்தது. அதே அளவில் புதியது ஒன்றை மாற்றினேன். இரண்டு மாதமாகிறது, தயிர் புளிக்கவில்லை.