அடுத்த அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும்போது

சாலை விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், ஒரே அறுவை சிகிச்சையோடு எல்லாம் முடிவது அரிது. முதலில் காயத்தைக் கழுவி மண்ணையும் செத்த தசையையும் அகற்றுவார்கள். இரண்டொரு நாளில் மறுபடியும் திறந்து பார்ப்பார்கள். பிறகு வெளியிலிருந்து கம்பி பொருத்துவது, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது, இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து வைப்பது என்று அது நீளும். இந்த வரிசை முன்கூட்டியே தெரியாததால், மூன்றாம் முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் என்னைத் தள்ளிச் சென்றபோது, முந்தைய இரண்டும் வீணாகிவிட்டன என்றே நினைத்தேன். உண்மையில் அவை அந்த மூன்றாவதற்கான அடித்தளம்.

ஆகவே மருத்துவரிடம் “எப்போது முடியும்?” என்பதோடு நின்றுவிடாமல், “இந்த அறுவை சிகிச்சை எதற்காக? இது சரியாக அமைந்தால் அடுத்து என்ன, அமையாவிட்டால் என்ன?” என்று கேட்டு, பதிலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொங்கலுக்குள் நடந்துவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் பொங்கலன்று கட்டிலில் கிடக்க நேர்ந்தால், அந்த ஏமாற்றம் வலியைவிட அதிகமாக வாட்டும்.

எலும்பில் இடைவெளி விழுந்தவர்களுக்கு, காலைச் சுற்றி வெளியே வளையங்களை வைத்து எலும்போடு கம்பிகளால் பிணைக்கும் வளையக் கம்பி போடுவதுண்டு. 1950களில் சைபீரியாவின் குர்கான் நகரில் இலிசரோவ் என்ற மருத்துவர் வளர்த்தெடுத்த முறை இது. எலும்பை வேறோர் இடத்தில் வெட்டி, அந்தத் துண்டை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வீதம் இடைவெளியை நோக்கி நகர்த்தினால், பின்னால் புது எலும்பு உருவாகிறது. அந்த 1 மி.மீ.யையும் நான்காகப் பிரித்து, காலை, பகல், மாலை, படுக்கும் முன் என வளையத்தின் நட்டுகளை ஸ்பேனரால் திருகுவோம். திருகியதும் என் அம்மா தினசரி காலண்டர் தாளில் ஒரு கோடு போடுவார். 4 செ.மீ. நகர 40 நாள். அந்தப் புது எலும்பு கெட்டிப்பட அதைவிட நீண்ட காலம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்குத் தாமதம் தோல்வியாகத் தோன்றாது.

வெறும் வயிற்றோடு காத்திருந்தபின், அவசர நோயாளி வந்துவிட்டதால் உங்கள் முறை மறுநாளைக்குத் தள்ளிப்போகலாம். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். சீழ் பிடிக்கும் என்று முட்டையை நிறுத்தச் சொல்லும் உறவினர்களிடம் சண்டை வேண்டாம். மருத்துவரையே அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். புண் ஆறப் புரதம் தேவை. புகைபிடிப்பது எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தும், ஆகவே அதை விட்டுவிட வேண்டும்.

தொடர்ந்து தூக்கமில்லாமல் போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, அதையும் காய்ச்சலைப் போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, தையற்காரரிடம் ஒரு பேண்டைக் கொடுத்துப் பக்கத் தையலைப் பிரித்து வெல்க்ரோ வைத்துத் தரச் சொல்லுங்கள். வளையம் அதற்குள் அடங்கிவிடும். தெருமுனை டீக்கடை வரையிலாவது வாக்கரோடு போய்வரலாம்.