சுருள் உரோம நாய்க்குட்டியை வீட்டிலேயே சீவி, குளிக்க வார்த்து, கத்தரிக்கும் முறை

ஊர் நாயின் குட்டையான உரோமம் உதிர்ந்தால் தானாகவே நிலத்தில் விழுந்துவிடும். பூடில் கலப்பிற் பிறந்த சுருள் உரோமக் குட்டிக்கு அப்படியில்லை. உதிர்ந்த மயிர் பக்கத்துச் சுருளுக்குள் சிக்கி நின்று, ஈரமும் புழுதியும் சேரச் சேர, தோலோடு ஒட்டிய சடைக்கட்டியாக இறுகிவிடுகிறது. "இந்தக் குட்டி மயிர் கொட்டாது" என்று பலரும் விரும்பி வாங்குவதற்குக் காரணமான அதே குணந்தான், வாரத்திற் பல நாட்கள் சீப்பை எடுக்கவேண்டிய வேலையையும் தருகிறது. சடைக்கட்டி அழகுக் குறைவு மட்டுமன்று. குட்டி நடக்கும் ஒவ்வோர் அடியிலும் அது தோலை இழுத்து வலிக்கச் செய்யும். அதன் அடியிற் காற்றுப் புகாமல் தோல் புண்ணாகும். உண்ணிகளும் அதற்குள் ஒளிந்திருக்கும்.

எங்கள் வீட்டுக் குட்டியோடு பழகி நான் அறிந்துகொண்ட முறையைக் கீழே எழுதுகிறேன். தடுப்பூசிகள் முழுமையாக முடியும்வரை, அதாவது ஏறத்தாழ 16 வார வயதுவரை, பல நாய்கள் வந்துபோகும் இடங்களுக்குக் குட்டியைக் கொண்டுபோகாமல் இருப்பதே பாதுகாப்பு என்பதால், ஆரம்பப் பராமரிப்பு எப்படியும் வீட்டிலேதான் நடக்கவேண்டும்.

வாங்கவேண்டியவை

இரண்டு பொருட்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒன்று, வளைந்த மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள சிலிக்கர் பிரஷ். பற்களின் நுனியை உங்கள் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, உங்களுக்குக் குத்தினால் அதை வாங்கவேண்டாம். மற்றையது, ஒரு பாதி அகன்ற பற்களும் மறு பாதி நெருங்கிய பற்களும் கொண்ட உலோகச் சீப்பு. பிளாஸ்ரிக் சீப்பு சுருள் உரோமத்தில் வளைந்து, சிக்கின்மேல் வழுக்கிப் போய்விடும். இவற்றோடு நுனி உருண்ட கத்தரிக்கோல், நாய்களுக்கான ஷாம்பூ, கண்டிஷனர், இரண்டு பழைய துவாய்கள் ஆகியவை போதும். உதிரும் மயிரை வாரியெடுக்கும் கத்திப்பல் சீப்பைக் கடையில் உங்களுக்குச் சிபாரிசு செய்யக்கூடும். அது குட்டை உரோம நாய்களுக்கு உரியது, சுருளை அறுத்துவிடும்.

முதலாம் படி: தொட்டுப் பழக்குதல்

குட்டி வந்த நாளிலிருந்தே அதன் பாதம், காது, வால், வாய் ஓரம் ஆகியவற்றைத் தினமும் சிறிது நேரம் தொட்டுப் பிடித்து, ஒரு துண்டு அவித்த கோழியிறைச்சி கொடுங்கள். 3 வாரத்திலிருந்து ஏறத்தாழ 14 வாரம் வரையான காலத்திற் பழகியதைக் குட்டி வாழ்நாள் முழுவதும் ஏற்றுக்கொள்ளும். பிரஷை எடுத்தவுடன் கடிக்க வந்தால் அதட்டாமல் பிரஷைக் கீழே வைத்து முகரவிடுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும்.

இரண்டாம் படி: உண்ணியும் முள்ளும் பார்த்தல்

நம்முடைய வளவுகளில் நாயுருவியும் ஒட்டுப்புல்லும் இல்லாத இடம் குறைவு. குட்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே அவற்றின் விதைகள் காலிலும் நெஞ்சிலும் ஒட்டிக்கொள்ளும். விரலிடுக்கில் நெருஞ்சி முள்ளும் இருக்கலாம். இவற்றை விரலால் எடுத்த பின்னரே பிரஷ் போடவேண்டும். காதுக்குள்ளும் கழுத்துப்பட்டியின் கீழும் விரல்களுக்கிடையிலும் உண்ணி தேடுங்கள். கண்டால் சாமணத்தால் தோலுக்கு மிக அருகிற் பிடித்து நேராக இழுக்கவேண்டும். மண்ணெண்ணெய் பூசும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் குட்டிக்கு நஞ்சாகும். நாய் உண்ணிகள் கடுமையான காய்ச்சல் நோய்களைப் பரப்புவதால், குட்டியின் வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற உண்ணி மருந்தை மிருக வைத்தியரிடம் கேட்டே போடவேண்டும்.

மூன்றாம் படி: வகிடு எடுத்துச் சீவுதல்

இந்தப் படியிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. எனக்கும் நீண்ட நாட்கள் பிடிபடாமல் இருந்தது இதுதான். தினமும் பிரஷ் போட்டும் குட்டியின் உடலிற் கட்டிகள் வந்துகொண்டிருந்தால் குறை நேரத்தில் இல்லை, ஆழத்தில் இருக்கிறது. பிரஷை மேலாக இழுக்கும்போது வெளிச் சுருள்கள் மட்டும் விரிந்து பஞ்சு போல எழும்பி நிற்கும். பார்ப்பவருக்குக் குட்டி மிக அழகாகத் தெரியும். தோலை ஒட்டிய அரை அங்குலமோ தொடப்படாமலே இருக்கும்.

சரியான முறை இதுதான். குட்டியைப் பக்கவாட்டிற் படுக்க வைத்து, பின்காலின் அடியிலிருந்து தொடங்குங்கள். ஒரு கையால் உரோமத்தை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தால் அடியில் தோல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மெல்லிய வரிசையை மட்டும், வேரிலிருந்து நுனிவரை, கையை அழுத்தாமல் சிறு சிறு வீச்சாகச் சீவுங்கள். அந்த வரிசை முடிந்ததும் தூக்கிப் பிடித்த உரோமத்திலிருந்து இன்னொரு விரலகல வரிசையைக் கீழே விடுங்கள். இப்படியே கால், விலா, தோள், கழுத்து என்று மேலேறவேண்டும். தோலில் எங்காவது கோடு தெரியவில்லையென்றால் அங்கே கட்டி இருக்கிறது என்று பொருள். பிரஷின் பற்கள் தோலை உரசிச் சிவக்கச் செய்யாதவாறு மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும்.

பிரஷ் முடிந்ததும் உலோகச் சீப்பைத் தோலில் தொட வைத்து வெளிநோக்கி இழுங்கள். தடையின்றி வந்தால்தான் அந்த இடம் முடிந்தது. காதின் பின்புறம், முன்காலின் அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப்பட்டி உரசும் இடம், வாலின் அடி ஆகியவற்றில் சீப்பு அனேகமாக மாட்டும். வீட்டுக்குள் இருக்கும்போது கழுத்துப்பட்டியைக் கழற்றி வைப்பதாலேயே கழுத்தின் சிக்கு பெரிதும் குறையும்.

கட்டி அகப்பட்டால் அதன்மேற் சிறிது சோளமா தூவி, கட்டியின் அடி மயிரை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனிப் பக்கத்திலிருந்து சீப்பின் கடைசிப் பல்லாற் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். அடியைப் பிடித்திருப்பதால் இழுவை தோலுக்குப் போகாது. பிரியாத கட்டியைக் கத்தரிக்கோலால் வெட்ட முயலவேண்டாம். கட்டி தோலை மேலே இழுத்து வைத்திருப்பதால் மயிர் எது, தோல் எது என்று கண்ணுக்குத் தெரியாது. மயிரை மிகக் குட்டையாக வெட்டும் 10ஆம் இலக்க அலகு பூட்டிய கிளிப்பரை, அதாவது மின்சார மயிர் வெட்டியை, தோலுக்குச் சமாந்தரமாக ஓட்டி எடுப்பதே பாதுகாப்பானது. பெரிய பரப்பில் இறுகியிருந்தால் மிருக வைத்தியரிடம் விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: குளிக்க வார்த்தல்

சீவி முடிக்காத குட்டியைக் குளிக்க வார்க்கக்கூடாது. நனைந்த கட்டி காயும்போது மேலும் இறுகும். குளிப்பு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போதும். மனிதரின் ஷாம்பூவும் சவர்க்காரமும் நாயின் தோலுக்கு ஏற்றவையல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் தேங்கி நிற்பதால் வன்மை கூடியது. நுரை குறைவாக வரும். அதற்காக ஷாம்பூவை அள்ளி ஊற்றினால் அது சுருளுக்குள் தங்கி, உரோமத்தை மங்கலாகவும் பிசுபிசுப்பாகவும் ஆக்கும். ஷாம்பூவை முதலில் ஒரு போத்தல் தண்ணீரிற் கரைத்துத் தோலில் ஊற்றித் தேய்த்தால் குறைந்த அளவே போதும். கழுவி முடிந்தது என்று நினைத்த பின்னரும் இன்னொரு வாளி வாருங்கள். கூரையிலிருந்து பிடித்த சுத்தமான மழைநீர் இருந்தால் கடைசி வாளிக்கு அதைப் பயன்படுத்துங்கள். வித்தியாசம் சீப்பில் தெரியும். கண்டிஷனரைத் தவிர்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: காயவைத்தல்

துவாயால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். தேய்ப்பதே புதிய சிக்கை உண்டாக்கும். பின்னர் தலைமயிர் உலர்த்தியை மிகக் குறைந்த சூட்டில், சற்றுத் தூரத்திற் பிடித்துக் காட்டியபடி, மூன்றாம் படியிற் சொன்னவாறே வரிசை வரிசையாகச் சீவி வேர்வரை காயவைக்கவேண்டும். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மாரியில் வெளியே தானாகக் காயட்டும் என்று விட்டால் அடி ஈரம் நாள் முழுவதும் நிற்கும். காதுகளின் வெளிமடலைப் பஞ்சாற் துடையுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விடவேண்டாம்.

ஆறாம் படி: கத்தரித்தல்

காய்ந்து சீவிய உரோமத்தையே கத்தரிக்கவேண்டும். கண்ணை மறைக்கும் மயிர், பாத அடியில் மெத்தைகளுக்கு இடையே வளர்ந்த மயிர், மலவாயைச் சுற்றியுள்ள மயிர் ஆகிய மூன்றையும் மட்டும் தொடக்கத்தில் வெட்டினால் போதும். கண்ணருகில் கத்தரிக்கோலின் நுனி எப்போதும் கண்ணுக்கு எதிர்த்திசையைப் பார்க்கட்டும்.

பின்சேர்க்கை

இதை வாசித்த பின் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சேர்க்கிறேன். எட்டு மாதக் குட்டிக்கு முன்பு இல்லாதவாறு தினமும் கட்டி வருகிறதே என்று ஒருவர் வருந்தியிருந்தார். 6 முதல் 12 மாதத்துக்குள் குட்டியுரோமம் உதிர்ந்து வளர்ந்த நாயின் உரோமம் முளைப்பதால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்தச் சில மாதங்கள் தினமும் சீவுங்கள், அல்லது உரோமத்தை 2 சென்ரிமீற்றர் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். இரண்டாவதே இரு தரப்புக்கும் சுகமானது என்பது என் எண்ணம்.

சித்திரை வெயிலுக்கு முழுவதும் வழித்துவிடலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். ஒரு சென்ரிமீற்றராவது விட்டால்தான் தோல் வெயிலிற் சுடாமல் இருக்கும்; சூட்டுக்கு நிழலும் நிறையத் தண்ணீரும் குளிர்ந்த சீமெந்துத் தரையுமே மருந்து.

தெள்ளுக்குத் தேயிலை மர எண்ணெய் பூசலாமா என்ற கேள்விக்கும் அதே பதில்தான்: நாய்களுக்கு அது நஞ்சு.

கறுப்பு நகத்தை எங்கே வெட்டுவது என்பது கடைசிக் கேள்வி. உள்ளே ஓடும் இரத்தக்குழாய் வெளியே தெரியாததால், ஒரு மில்லிமீற்றர் அளவாகச் சீவி, வெட்டுமுகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தோன்றியதும் நிறுத்துங்கள். இரத்தம் கசிந்தால் சோளமாவை நகநுனியில் அழுத்திச் சில நிமிடம் பிடியுங்கள். நிற்காவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். மீதி நகங்களை வேறொரு நாளில் வெட்டலாம்.