மழைக்கு முன்பே புல்தரையில் ஓட்டை போடுங்கள்

மழைக்காலம் தொடங்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, விரல் கனமுள்ள கூரான கம்பியால் புல்தரையில் அரைச் சாணுக்கு ஒன்றாக, 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி ஓட்டை போட்டு விடுங்கள். மேலே பருமணலைத் தூவித் துடைப்பத்தால் உள்ளே தள்ளிவிட்டால் ஓட்டை சீக்கிரம் தூர்ந்து போகாது.

நடந்து நடந்து மேல்மண் இறுகிவிடுவதால்தான் பல இடங்களில் தண்ணீர் இறங்காமல் தேங்குகிறது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. புல் மஞ்சளாகி வேர் அழுகத் தொடங்கும். ஓட்டை இருந்தால் தண்ணீர் அந்த இறுகிய அடுக்கைத் தாண்டி இறங்கிவிடும். முழுத் தரையையும் குத்தச் சோம்பலா? சரி, அடிக்கடி நடக்கும் தடத்திலும், போன மழையில் குட்டை கட்டிய இடத்திலும் மட்டுமாவது குத்துங்கள்.

மண் ஊறிச் சொதசொதவென்று ஆன பிறகு செய்யாதீர்கள். ஓட்டையின் சுவர் பூசினாற்போல் வழவழப்பாகித் தண்ணீரை விடாது. நம் காலடியே மண்ணை இன்னும் இறுக்கும். மணற்பாங்கான மண்ணுக்கு இது தேவையில்லை. புதிதாக நட்ட புல் வேர் பிடிக்கும்வரை தொட வேண்டாம். தரையே பள்ளத்தில் இருந்தால் ஓட்டை போதாது, வாய்க்கால்தான் வெட்ட வேண்டும்.