ஸ்பெயினில் வீடு வாங்கிக் குடியேறும் ஐரிஷ் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்தும் ஸ்பெயினும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் என்பதால், டப்ளினிலோ கார்க்கிலோ வாழும் ஓர் ஐரிஷ் குடும்பம் விசா எதுவுமின்றி தென் ஸ்பெயினின் ஆண்டலூசியா மாநிலத்துக்கோ அலிகான்டே கடற்கரைக்கோ குடிபெயர்ந்து, வேலை பார்த்து, வீடும் வாங்கலாம். இந்த எளிமை, வீடு வாங்கும் முறையும் ஊரில் பழகியதைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கையை உண்டாக்கிவிடுகிறது. கைப்பணத்தைப் பறிகொடுக்க வைக்கும் தவறுகள் பலவும் அந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவது முன்பணம். அயர்லாந்தில் விலை பேசி முடித்தவுடன் தரகரிடம் கட்டும் தொகை, இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வரை திரும்பக் கிடைக்கும். ஸ்பெயினில் 'அராஸ்' எனப்படும் முன்பண ஒப்பந்தம் அப்படிப்பட்டதன்று. வழக்கமாக விலையில் 10 சதவீதம் கைமாறுகிறது. அந்நாட்டு உரிமையியல் சட்டத்தின் 1454ஆவது பிரிவின்கீழ் எழுதப்படும் ஒப்பந்தத்தில், வாங்குபவர் பின்வாங்கினால் அத்தொகையை இழப்பார், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். வங்கி கடன் தர மறுத்தாலும் முன்பணம் போய்விடக்கூடும் என்பதால், கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் செய்ய வேண்டும். விடுமுறையின் கடைசி நாளில், விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில், புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்திடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

அடுத்தது நோட்டரியைத் தங்கள் வழக்கறிஞர் என்று எண்ணுவது. அயர்லாந்தில் வாங்குபவருக்கென்று ஒரு சொலிசிட்டர் இருந்து பத்திரங்களை அலசிப் பார்ப்பார். ஸ்பெயினில் கிரயப் பத்திரம் நோட்டரியின் முன்னிலையில் எழுதப்பட்டாலும், அவர் நடுநிலை வகிக்கும் பொது அதிகாரி. நீச்சல் குளத்துக்கும் மாடி அறைக்கும் அனுமதி உண்டா என்று அலைந்து விசாரிப்பது அவர் வேலையன்று. ஆகவே விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வேண்டும். சொத்துப் பதிவகம் தரும் 'நோட்டா சிம்ப்ளே' நம் ஊர் வில்லங்கச் சான்றிதழைப் போன்றது. உரிமையாளர் யார், அடமானம் உண்டா, ஜப்தி உண்டா என்பதை அது காட்டும். ஆனால் எல்லாக் கடனும் அதில் தெரியாது. அடுக்குமாடி வீட்டின் முந்தைய உரிமையாளர் பராமரிப்புக் கட்டணம் செலுத்தாமல் விட்டிருந்தால், நடப்பு ஆண்டுக்கும் அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குமான பாக்கிக்கு அந்த வீடே பொறுப்பாகும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், விலையில் 3 சதவீதத்தை வாங்குபவரே பிடித்தம் செய்து ஒரு மாதத்துக்குள் வரித்துறையில் கட்ட வேண்டும். தவறினால் அந்தச் சுமையும் வீட்டின்மேல் ஏறும்.

கிராமப்புற வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. பதிவகத்தில் பெயர் இருப்பது, கட்டடத்துக்கு அனுமதி இருப்பதற்குச் சான்றாகாது. 2008 ஜனவரியில் அல்மேரியா மாகாணத்தின் வேரா ஊரில் ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீடு இடிக்கப்பட்டது. நகராட்சி தந்த அனுமதியோடுதான் அவர்கள் கட்டியிருந்தார்கள். அந்த அனுமதியே செல்லாது என்று ஆண்டலூசிய அரசு எதிர்த்து ரத்து செய்யவைத்தது. அனுமதித் தாளோடு, அந்த நிலம் வீடு கட்டத்தக்க வகையைச் சேர்ந்ததா என்பதையும் சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேதனையான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பணக் கணக்கிலும் பலர் தவறுகிறார்கள். ஸ்பெயினில் வசிக்காதவருக்கு வங்கிகள் வழக்கமாக மதிப்பில் 60 முதல் 70 சதவீதம் வரையே கடன் தருகின்றன. ஆண்டலூசியாவில் 2,50,000 யூரோவுக்கு ஒரு பழைய வீட்டை வாங்குபவர், 70 சதவீதக் கடன் கிடைத்தாலும், 75,000 யூரோவைக் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் 7 சதவீத உரிமை மாற்ற வரி 17,500 யூரோ; நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் கட்டணங்கள் தனி.

அயர்லாந்தில் விட்டுச் செல்லும் வீட்டைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. சொந்தமாகக் குடியிருந்த வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரியிலிருந்து விலக்கு உண்டு. உரிமையின் கடைசி 12 மாதங்களும் குடியிருந்த காலமாகவே கணக்கிடப்படும். ஆனால் அதைப் பல ஆண்டுகள் வாடகைக்கு விட்டுவிட்டு விற்றால், பொதுவாக ஆதாயத்தில் ஒரு பகுதிக்கு 33 சதவீத வரி விழும். அயர்லாந்தில் வீடே இல்லாதவர்களுக்கும் ஓர் இழப்பு காத்திருக்கிறது. புதிய வீடு வாங்குவோருக்கு 30,000 யூரோ வரை தரும் 'ஹெல்ப் டு பை' உதவி, எந்த நாட்டிலும் இதற்குமுன் வீடு வாங்காதவருக்கே உரியது. ஸ்பெயினில் ஒரு வீட்டை வாங்கிய இளம் தம்பதி நாளை நாடு திரும்பினால் அந்த உதவியைக் கேட்க முடியாது.

என்னைக் கேட்டால், முதல் ஓராண்டு வாடகை வீட்டில் இருப்பதே நல்லது. கோடையில் பார்த்த கடற்கரை ஊர் ஜனவரியில் எப்படி இருக்கும் என்பதும், பல வீடுகளில் குளிருக்கு ஏற்ற வெப்ப வசதி இல்லை என்பதும் அப்போது தெரியும். பள்ளிப் பாடங்கள் ஸ்பானிஷில் மட்டுமின்றி அலிகான்டே பகுதியின் வலென்சிய மொழியிலும் நடக்கும் ஊரா என்பதும் குழந்தைகளுக்கு முக்கியம்.

கடைசியாக உயில். ஐரிஷ் சட்டத்தில், பிள்ளைகள் இருந்தாலும், இறந்தவரின் வாழ்க்கைத் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு உரிமை உண்டு. பிள்ளைகளுக்கு நிர்ணயித்த பங்கு கிடையாது. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நிலைமை தலைகீழ்: சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே நிரந்தரமாக வசிப்பவர் இறந்தால் அந்நாட்டுச் சட்டமே பொருந்தும் என்பதால், மனைவியோ கணவரோ தாம் குடியிருக்கும் வீட்டில் சிறு பிள்ளைகளோடு பங்காளியாகிவிடுவார். 2015 ஆகஸ்ட் 17 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய வாரிசுரிமை விதியில் அயர்லாந்து சேரவில்லை. ஆயினும் ஸ்பெயின் அதைப் பின்பற்றுவதால், ஐரிஷ் குடிமக்கள் தங்கள் நாட்டுச் சட்டமே பொருந்த வேண்டும் என்று உயிலில் எழுதிவைக்கலாம். கணவனும் மனைவியும் தனித்தனியாக ஸ்பானிஷ் நோட்டரியிடம் உயில் எழுத வேண்டும். பின்னாளில் அயர்லாந்தில் புது உயில் எழுதும்போது, 'முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்' என்ற வழக்கமான வரி ஸ்பெயின் உயிலையும் சேர்த்து அழித்துவிடாதபடி, அதை விலக்கி எழுதுமாறு சொலிசிட்டரிடம் சொல்ல மறக்கக்கூடாது.