பன்றிக்குத் துப்பாக்கி வாங்குமுன்: மலைநாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலைநாட்டில் கந்தப்பளை, இராகலை, வெலிமடைப் பக்கங்களில் கிழங்கும் கரட்டும் கோவாவும் போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கூட்டம் ஓரிரவு இறங்கினால் ஒரு போகத்தின் உழைப்பு சேறாகிவிடும். அந்தக் கோபத்தில்தான் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி பற்றிய பேச்சு எழுகிறது. பேச்சு உடனே எந்தக் கம்பெனி, எத்தனை தோட்டா பிடிக்கும், எவ்வளவு தூரம் போகும் என்று ஓடிவிடுகிறது. ஆனால் இருபது முப்பது வருடம் வீட்டில் இருக்கப்போகும் ஒரு சுடுகலனை நம்முடைய சரிவையும், மழையையும், பக்கத்து லயத்தையும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையையும்) வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் மறந்ததால் வருபவை.

முதலாவது, படத்திலும் காணொளியிலும் பார்க்கும் லீவர் ரைபிளில் மனத்தைப் பறிகொடுப்பது. விசைக்குக் கீழே வளையம் போலிருக்கும் நெம்பைத் தள்ளி இழுத்தால் வெறுங்கூடு வெளியே தெறித்து அடுத்த தோட்டா ஏறும். அழகான பொறி என்பதில் சந்தேகமில்லை. ஜோன் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாதிரி மட்டும் எழுபது இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. ஆனால் அது வட அமெரிக்கக் காட்டுக்காக, மைல் கணக்கில் ஆளில்லாத நிலத்தில் மான் சுடுவதற்காகப் பிறந்த ஆயுதம். அதற்கென்றே பெயர்பெற்ற தேர்ட்டி தேர்ட்டி தோட்டாவின் குண்டு இலக்கைத் தவறவிட்டால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே பறக்கக்கூடியது. நம் மலையில் அந்தத் தூரத்துக்குள் எத்தனை லயம், எத்தனை பாடசாலை, எத்தனை தேயிலைக் கொழுந்து மலை இருக்கின்றன என்று ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று இங்கே வழங்கப்படுவது சன்னங்களைச் சிதறச் சுடும் 12 போர் ஷொட்கன் வகைதான். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். நம் நிலத்துக்குப் பொருந்துவதும் அதுதான்.

ஆனாலும் லீவர் ரைபிளின் கதையிலிருந்து ஷொட்கன் வாங்குகிறவர் கற்றுக்கொள்ள இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, குழலில் பொறித்த பெயரை மட்டும் நம்பக்கூடாது. வின்செஸ்டரின் பழைய நியூ ஹேவன் தொழிற்சாலை 2006இல் மூடப்பட்டது. இன்று அதே பெயரோடு வரும் லீவர் ரைபிள்கள் ஜப்பானில் மிரோக்கு நிறுவனத்தில் செய்யப்படுகின்றன, நன்றாகவும் செய்யப்படுகின்றன. இன்னொரு பழைய லீவர் ரைபிள் பெயரான மார்லின் 2007இல் ரெமிங்டனின் கைக்குப் போனது. அதற்குப் பின் வந்த முதல் சில வருடத்துத் துப்பாக்கிகளைப் பற்றிப் பாவனையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். ரெமிங்டன் வீழ்ந்தபின் 2020இல் ரூகர் அந்தப் பெயரை வாங்கித் திரும்ப நிமிர்த்தியது. ஒரே பெயருக்கு மூன்று கை. ஷொட்கன்னிலும் இதே நிலைதான். எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று கேளுங்கள். அடிக்கும் ஊசியும் அதன் வில்லும் இன்றைக்கும் கிடைக்கின்றனவா என்பதை அதைவிட முக்கியமாகக் கேளுங்கள். நீண்ட காலப் பாவனையில் முதலில் கைவிடுவது இந்தச் சின்ன உறுப்புகள்தான்.

இரண்டாவது, உள்ளே தோட்டா இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். லீவர் ரைபிள்கள் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னால் உள்ள தோட்டாவின் அடிப்பாகத்தைப் பின்னால் உள்ளதன் மூக்குத் தொட்டுக்கொண்டிருப்பதால், கூர்மூக்குக் குண்டு அதிர்ச்சியில் வெடிக்க வைத்துவிடும் என்று தட்டை மூக்குக் குண்டைத்தான் போடுவார்கள். ரிப்பீட்டர் என்று நாம் சொல்லும், பல தோட்டா ஏற்றும் ஷொட்கன்னிலும் அதே மாதிரிக் குழாய்தான். ஒன்றை வெளியே எடுத்துவிட்டு வெறுமையாகிவிட்டது என்று நினைத்தால், உள்ளே இன்னொன்று காத்திருக்கும். பிள்ளைகளும் உறவுக்காரர்களும் ஒரே அறையில் படுத்து எழும்பும் வீட்டுக்கு என் பரிந்துரை மடித்துத் திறக்கும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல்தான். திறந்தால் வெளிச்சம் குழலின் மறுபக்கம் தெரியும். தெரிந்தால் வெறுமை, தெரியாவிட்டால் வெறுமையில்லை. இருட்டில் விரலை விட்டும் பார்த்துவிடலாம். பன்றிக் கூட்டத்தை விரட்ட ஐந்து வெடி வேண்டும் என்பவர்கள் முதல் வெடிக்குப் பிறகு அந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று யோசிக்கட்டும்.

அடுத்து, பலரும் கேள்விப்படாத, ஆனால் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடிய தவறு. 12 போர் என்றால் எல்லாத் தோட்டாவும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று நினைப்பது. 12 போர் என்பது குழலின் அகலத்தை மட்டுமே சொல்கிறது: அந்த அகலமுள்ள ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஓர் இறாத்தல். இன்றைய அளவில் சுமார் 18.5 மில்லிமீட்டர். தோட்டா உட்காரும் அறையின் நீளம் வேறு கணக்கு. வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் காலத்து ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர். இன்றைய சாதாரணத் தோட்டா 70, பலமான வகை 76. இந்த எண் வெடித்து விரிந்த கூட்டின் நீளம். வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். அதனால் 70 மில்லிமீட்டர்த் தோட்டா 65 மில்லிமீட்டர் அறைக்குள் ஒரு தடையுமில்லாமல் நுழைந்துவிடும், துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். சுடும்போதுதான் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் குழலின் தொண்டையை அடைக்கும், அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை. அறை நீளம் குழலின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பு அழிந்திருந்தால் ஆயுதம் திருத்துபவரிடம் அளந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம்.

பழைய துரைமார் துப்பாக்கி என்றதும் இன்னொன்று. செதுக்கு வேலையும் வால்நட் மரத்தில் செய்த தோள்கட்டையும் உள்ள பர்மிங்காம் இரட்டைக் குழல் ஒன்றைக் கண்டால் யாருக்கும் ஆசை வரும். குழலில் நீரோட்டம் போலச் சுழி சுழியாகக் கோலம் தெரிந்தால் அது இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் சேர்த்த டமாஸ்கஸ் குழல். அவற்றில் பெரும்பாலானவை கரும்புகை கக்கும் பழைய வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரை இல்லாத குழலில் இன்றைய தோட்டாவைப் போடுவது உயிரோடு விளையாடுவது. லண்டனிலும் பர்மிங்காமிலும் குழல்களைச் சோதித்து முத்திரை குத்துவதற்கென்றே நிலையங்கள் இருக்கின்றன. பர்மிங்காம் நிலையம் 1813இலிருந்து இயங்குகிறது. அந்த முத்திரைகளை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அழகுக்கு வாங்கினால் சுவரில் மாட்டத்தான் வேண்டும், அதற்கு அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள்.

இனி ஈரம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். மேற்குச் சரிவில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடங்கி மழை விடாது. ஊவாப் பக்கம் வருடக் கடைசியில் நனையும். சமவெளியில் வருடக்கணக்கில் தாங்கும் குழலின் நீலப்பூச்சு இங்கே ஒரு மழைக்காலத்தில் செம்புள்ளி பிடிக்கும். ஆகவே கடையில் பளபளப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு, குழலின் உட்புறம் குரோம் பூசியதா என்று கேளுங்கள். கட்டையின் மரம் எண்ணெய் ஊறியதா, வெறும் வார்னிஷா என்று பாருங்கள். வார்னிஷ் ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே ஈரத்தைக் குடித்து உள்ளே உப்பும். கட்டை உப்பினால் பூட்டுப்பொறி இறுகும், விசை கனக்கும்.

பராமரிப்பில் நம்மவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு தேங்காயெண்ணெய். வீட்டில் எப்போதும் இருக்கிறது, மணமாக இருக்கிறது, கத்திக்கும் அரிவாளுக்கும் அதைத்தான் பூசுகிறோம். ஆனால் தேங்காயெண்ணெய் 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை அதைவிட எவ்வளவோ கீழே. பின்னிரவில் பன்றி இறங்கும் நேரத்தில் ஊசியின் துவாரத்துக்குள் அது மெழுகாக நிற்கும். விசையை அழுத்தினால் ஊசி பலமில்லாமல் தட்டும், தோட்டா வெடிக்காது. நாளடைவில் பிசினாகவும் பிடித்துக்கொள்ளும். தையல் இயந்திரத்துக்குப் போடும் மெல்லிய எண்ணெய் இதைவிட எவ்வளவோ மேல். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் மிக நல்லது. அதையும் துணியால் மெல்லப் பூச வேண்டும், ஊற்றக்கூடாது.

வைக்கும் இடமும் அப்படித்தான். தோலுறைக்குள்ளோ கன்வஸ் பைக்குள்ளோ போட்டு மூடி வைத்தால் உறை ஈரத்தைப் பிடித்து இரும்பின் மேல் ஒட்டி வைக்கும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காய்ந்திருக்கும் என்பது பழைய நம்பிக்கை. புகைக் கரி படிந்து அதுவும் அரிக்கும், பூட்டில்லாத இடமும் அதுதான். சுவரோடு பொருத்திய பூட்டுள்ள இரும்புப் பெட்டி, உள்ளே காற்றுக்குக் கொஞ்சம் இடம், தோட்டா வேறிடத்தில் வேறு பூட்டில். துப்பாக்கிக்குச் செலவழிக்கும் பணத்தில் இந்தப் பெட்டிக்கும் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

தோளுக்குப் பொருத்தம் பார்க்காமல் வாங்குவதும் உண்டு. வெளிநாட்டுக் கட்டைகள் உயரமான ஆட்களுக்காக வெட்டப்பட்டவை, நம்மில் பலருக்கு நீளம். அதற்கு மேலே இரவுக் காவலுக்கு நாம் போடுவது தடித்த கம்பளிச் சட்டையும் ஜக்கெட்டும். கடையில் மெல்லிய சட்டையோடு சரியாக இருந்தது வயலில் அக்குளில் சிக்கும். காவலுக்குப் போடும் உடுப்போடு போய், கண்ணை மூடித் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்து பாருங்கள். குழலின் நுனிக்குறி நேரே தெரிய வேண்டும். கட்டையைச் சற்று வெட்டிக் குறைப்பது ஒரு தச்சு வேலைதான், பின்னுதையில் தோள் கழன்றபிறகு செய்வதைவிட முன்பே செய்துவிடலாம்.

தூரத்தைப் பற்றிய மயக்கம் உயிர்களோடு சம்பந்தப்பட்டது. பன்றிக்குப் போடும் எஸ்.ஜி. சன்னம் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஈயக் குண்டு. முப்பது மீட்டருக்குள் அது பன்றியைச் சாய்க்கும். ஐம்பதைத் தாண்டினால் சன்னங்கள் சிதறி, ஒன்றோ இரண்டோ பட்டு, பன்றி காயத்தோடு காட்டுக்குள் ஓடும். காயப்பட்ட பன்றி மறுநாள் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணின் முன்னால் நிற்கும். அதே சன்னம் எதிலும் படாமல் போனால் அரை கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும். ஆகவே எவ்வளவு தூரம் போகும் என்பதை விட்டுவிட்டு, எங்கே போய் நிற்கும் என்று கேட்க வேண்டும்.

மலைச் சரிவில் இதற்கு விடை இருக்கிறது. மேலே நின்று கீழே உள்ள ஈர மண்ணை நோக்கிச் சுட்டால் சன்னம் மண்ணுக்குள் புதையும், அந்தக் கோட்டில் லயமோ பாதையோ ஆட்கள் தண்ணீர் எடுக்கும் பீலிக்கரையோ இல்லாதவரை. கீழே நின்று மேட்டின் விளிம்பில் நிற்கும் பன்றியைச் சுட்டால் விளிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. படிக்கட்டுப் பாத்திகளின் கற்சுவரை நோக்கிச் சுட்டால் ஈயம் தெறித்துத் திரும்பும். பகலில் தன் நிலத்தை நடந்து, எந்த இடத்திலிருந்து எந்தத் திசைக்கு மட்டும் சுடலாம் என்று குறித்து வைக்காதவர் இரவில் துப்பாக்கியைத் தொடவே கூடாது. பனிக்குள் அசைவது தண்ணீர் திருப்ப வந்த பக்கத்துக் காணிக்காரராக இருக்கலாம், கட்டவிழ்ந்த மாடாக இருக்கலாம், சட்டம் காக்கும் மரை மானாக இருக்கலாம். டோர்ச் வெளிச்சத்தில் கண்கள் மினுங்குவது போதாது, முழு உடலும் தெரிய வேண்டும்.

சட்டத்தை இழுபறி என்று ஒதுக்குகிறவர்கள் போய்ச் சேரும் இடம் மிக மோசமானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் சுடுகலனை வைத்திருப்பதே குற்றம், பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று விண்ணப்பிக்கிறவர் நிலத்தைத் தன்னுடையது என்று காட்ட வேண்டியிருக்கும். தலைமுறைகளாகத் தோட்டத்து ஓரத்தில் மரக்கறி போட்டுப் பிழைக்கும் நம் குடும்பங்களில் எத்தனை பேரிடம் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது? பன்றி இவர்களுடைய பாத்தியையும் கிளறுகிறது, காகிதம் மட்டும் இவர்களிடம் இல்லை. இது அநீதி, காணி உரிமையோடு சேர்த்துத் தீர்க்க வேண்டிய அநீதி.

ஆனால் அதற்கு மாற்று வீட்டில் செய்யும் இடியன் துவக்கு அல்ல. தண்ணீர்க் குழாயில் செய்த குழல் சுடுகிறவர் முகத்திலேயே வெடிக்கும். வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் நேரே கொடுப்பது பன்றிக்கு முன் பிள்ளையைக் கொல்லும். சுருக்குக் கம்பி யாரையும் அடையாளம் பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்‌ஷபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கியது நாட்டில் மிக அரிதாகவே தென்படும் ஒரு கருஞ்சிறுத்தை. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாட்களில் இறந்தது. காணி உறுதி இல்லாதவர்கள் சேர்ந்து போடும் வேலியும் முறைவைத்த இரவுக் காவலும் மெதுவான வழி, ஆனால் யாரையும் கொல்லாத வழி.

கடைசியாக, துப்பாக்கியைப் பிள்ளைக்கு விட்டுப்போகும் சொத்தாக எண்ணி விலை உயர்ந்ததை வாங்குவது. அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது, வீட்டுக்கு அல்ல. உரியவர் இறந்தால் துப்பாக்கி தானாக மகனுடையதாகாது. பொலிஸுக்கு உடனே அறிவிக்க வேண்டும், தொடர்ந்து வைத்திருக்க விரும்பும் மகன் தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். எனவே பத்திரத்தின் பிரதியும் துப்பாக்கியின் தொடர் இலக்கமும் எங்கே இருக்கின்றன என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.