ஒரு பாய் அளவு: ஒற்றை அறை வீட்டை ஒழுங்குபடுத்தும் முறை

வடசென்னையில் ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு மட்டும் உள்ள வீட்டில், காலையிலேயே பரணையும் பீரோவையும் மொத்தமாக இறக்கிப் போட்டால் ராத்திரி படுக்க இடம் இருக்காது. ஒன்பது மணிக்கு மேல் எல்லாவற்றையும் அள்ளி, எடுத்த இடத்திலேயே திணிக்க வேண்டியதாகிவிடும். பலர் பாதியில் கைவிடுவது இதனால்தான், சோம்பலால் அல்ல. அதனால் இந்த முறையில் இரண்டு விதிகளை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டாத பொருள் எங்கே போகும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாயில் கொள்ளும் அளவுதான் கீழே இறக்க வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் தொடங்குவது நல்லது. போகிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். போகி வருவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு. நனையக்கூடியது எல்லாம் அதற்குள் நனைந்திருக்கும்.

முதலில் வெளியே போகும் வழி

25 கிலோ அரிசிச் சாக்கு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டப்பா, ரேக் எதுவும் இப்போது வாங்க வேண்டாம். கழித்த பிறகுதான் எவ்வளவு மிஞ்சும், அது என்ன அளவு என்பது தெரியும். முன்கூட்டியே வாங்கிய டப்பாக்கள் பெரும்பாலும் அடுத்த அடைசலாகத்தான் முடியும்.

முதல் சாக்கு காயலான் கடைக்கு. இரும்பு, அலுமினியம், பித்தளை, செம்பு, பிளாஸ்டிக், அட்டை, செய்தித்தாள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கலந்து போட்டால் மலிவான பொருளின் விலைதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். எனவே சின்னப் பைகளில் பிரித்து சாக்குக்குள் வையுங்கள். நனைந்த பேப்பரை எடுக்க மாட்டார்கள். தள்ளுவண்டிக்காரரின் தொங்கு தராசில் சந்தேகம் இருந்தால், பிரிக்காத 1 கிலோ உப்பு பாக்கெட்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சாக்கு, இன்னொருவர் உடுத்தவோ புழங்கவோ கூடிய நல்ல பொருளுக்கு. கொடுப்பதைத் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுத்தால் வாங்கியவர் அதைக் குப்பையில் போடும் வேலையைத்தான் செய்வார். பழைய துணிக்குப் பாத்திரம் தருபவரிடம் போடுவதானால் ஒரே பாத்திரத்தோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது, மட்காத குப்பை. நான்காவதில் சாக்குக்குப் பதிலாக ஒரு மூடியுள்ள வாளியே போதும்: தீர்ந்த பேட்டரி, ட்யூப்லைட், காலாவதி மாத்திரை, உடைந்த தெர்மாமீட்டர். இவற்றைத் தனியாகத் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுக்க வேண்டும். ட்யூப்லைட்டில் பாதரசம் உண்டு, அதை உடைத்துப் போடக் கூடாது. பழைய கட்டில், மெத்தை மாதிரிப் பெரிய பொருளுக்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் கேளுங்கள்; தெருமுனையில் சாய்த்துவிட்டு வராதீர்கள். வடசென்னையின் குப்பை போய்ச் சேருவது கொடுங்கையூர் கிடங்குக்கு. அதன் புகையும் நாற்றமும் நம் பக்கத்து மக்கள் மேல்தான் விழுகிறது. செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும் வேண்டவே வேண்டாம். மேலே இருக்கும் பி.வி.சி. எரிந்தால் வருவது நச்சுப்புகை.

நான்கிலும் நிரம்பியது அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, வாசலைத் தாண்ட வேண்டும். வாசல் ஓரமாக ஒரு வாரம் நின்ற சாக்கிலிருந்து வீட்டில் யாராவது ஒருவர் பாதியைத் திரும்ப எடுத்துவிடுவார்.

பாயை விரியுங்கள்

ஆறடிக்கு நாலடி பாய் ஒன்று. அது நிரம்பியதும் இறக்குவதை நிறுத்திவிட வேண்டும். பாயில் உள்ளது முழுவதும் சாக்குக்கோ அதன் இடத்துக்கோ போன பிறகுதான் அடுத்த சுற்று. ஒரு பாய்க்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஒரு நாளைக்கு இரண்டு பாய் போதும்.

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி: போன தீபாவளியிலிருந்து இதைத் தொட்டோமா? ரிப்பேர் செய்யலாம் என்று வைத்திருப்பதற்கு இந்த மாதக் கடைசி வரை கெடு. மாமியார், மாமனார், பிள்ளைகள் பொருளை அவர்கள் இல்லாத நேரத்தில் கழிக்கக் கூடாது. ஒரு பொருள் அப்படிக் காணாமல் போய்விட்டால், அடுத்த பாய்க்கு வீட்டில் யாரும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

பரண்

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஏறுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல், நாற்காலி மேல் நாற்காலி எதுவும் கூடாது. ஏணியும், அதைக் கீழே பிடிக்க ஓர் ஆளும் வேண்டும்.

பரணில் நடக்கும் தவறு இரண்டாம் வரிசை. ஆழம் இரண்டடி இருப்பதால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைக்கிறோம். பின்னால் உள்ளது பல வருஷம் கண்ணில் படாது. அதே பொருளைத் திரும்ப வாங்கியும் விடுவோம். ஒரே வரிசையில் வைத்து, கீழே நின்று பார்த்தால் தெரியும் பக்கத்தில் பெயர் எழுதுங்கள்: "கொலு பொம்மை", "பொங்கல் பானை", "மழைக்கால போர்வை". அண்டா, குத்துவிளக்கு மாதிரிக் கனமானவை சுவரை ஒட்டி இருக்கட்டும். பரண் பலகை சுவரில்தான் பிடித்து நிற்கிறது. விளிம்பில் கனம் ஏறினால் விரிசல் விடும்.

டி.வி., மிக்ஸி, குக்கர் வந்த அட்டைப் பெட்டிகளைக் கழித்தாலே பாதி பரண் காலியாகும். அட்டையின் நெளிவுகளுக்குள் கரப்பான் முட்டை வைக்கும், ஈரம் பட்டால் கரையானும் வரும். வாரண்டி பில் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டையைத் தட்டையாக்கிக் கட்டுங்கள். பழைய பெட்டி மாதிரி டி.வி.யை வீட்டில் உடைக்காதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் இடத்தில் முழுசாகக் கொடுங்கள்.

பீரோவும் துணியும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்த துணிதான் பீரோவை அடைக்கிறது. பட்டுப்புடவையைத் தவிர மற்றதற்கெல்லாம் தீபாவளிக் கேள்வியே போதும். மங்கிய காட்டன் புடவை ஒன்றை ஒரு முழத் துண்டுகளாகக் கிழித்துக் கைப்பிடித் துணியாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றே போதும், ஐந்து வேண்டாம்.

பட்டைப் பாலித்தீன் கவரில் வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று ஜரிகை கறுக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே பட்டு இற்றுப்போகும். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. பச்சைக் குழந்தையின் துணியோடு அந்துருண்டையே வைக்கக் கூடாது; சில குழந்தைகளுக்கு அதன் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும்.

இஸ்திரி போட்டு சூடாக வந்த துணியைக் கொஞ்சம் ஆற விட்டு அடுக்குங்கள். அந்த ஆவிதான் மழைக்காலத்தில் பூஞ்சை வாடையாக மாறுகிறது. பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் பின்பக்கம் காற்று ஓடும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கடலோரத்தில் இது இன்னும் முக்கியம். உப்புக்காற்று இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அடிப்பக்கம் முதலில் துருப்பிடிக்கும். புதிதாக ரேக் வாங்குவதானால் வெறும் இரும்பு வேண்டாம், எவர்சில்வரோ பிளாஸ்டிக்கோ எடுங்கள்.

இடுப்பிலிருந்து கண் மட்டம் வரை உள்ள தட்டுகள் தினமும் உடுத்துவதற்கு. மேல்தட்டு விசேஷத் துணிக்கு. அடித்தட்டில் தண்ணீர் பட்டாலும் கெடாததை மட்டும் வையுங்கள்.

காகிதங்கள்

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்குத் தெரியும், பாத்திரத்தைக் கழுவிவிடலாம், பத்திரத்தை முடியாது. ஆகவே இந்தப் பாயை அவசரமில்லாத ஒரு நாளில் விரியுங்கள்.

மூன்று கட்டாகப் பிரியுங்கள். முதல் கட்டு எப்போதும் வைத்திருக்க வேண்டியது: கிரயப் பத்திரம், பிறப்பு, சாதி, திருமணச் சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல், டி.சி., ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டுப் பாலிசி, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டாவது ஒரு வருஷம் வரை வைப்பது: கரண்ட் பில், காஸ் ரசீது, ஸ்கூல் பீஸ் ரசீது. மிச்சமெல்லாம் கழிவு.

முதல் கட்டை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, பீரோவின் மேல்தட்டில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஏறும்போது ஒரே பிடியில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே உள்ள நம்பிக்கையான ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கடை பில்கள் பெரும்பாலும் வெப்பத்தாளில் வருவதால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். வாரண்டி பில்லை வாங்கிய அன்றே படம் எடுங்கள்.

ஆதார், பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸைக் குறுக்கே நாலாகக் கிழிக்காமல் பழைய பேப்பரோடு போடாதீர்கள்.

சமையல்கட்டு

மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, பார்சல் சாம்பார் வந்த பிளாஸ்டிக் கிண்ணம் மூன்றும் போகட்டும். நாலு பேர் வீட்டுக்குக் கைப்புழக்கத்தில் ஆறு தட்டு, எட்டு டம்ளர் போதும், விருந்தாளிக்கானது பரணில். மளிகையை மாதாமாதம் பழசு முன்னால், புதுசு பின்னால் என்று அடுக்குங்கள். பழைய ரவை மேலேயே புது ரவையைக் கொட்டினால் வண்டு இரண்டுக்கும் பரவும்.

தினமும் செய்வது

கதவருகே நாலு கொக்கி: சாவி, குடை, பை, ஹெல்மெட். பள்ளிப் பைக்குப் பிள்ளையின் தோள் உயரத்தில் தனிக் கொக்கி. எட்டாத உயரத்தில் அடித்தால் பை தரையில்தான் கிடக்கும். பாய்களைச் சுருட்டி நிற்கவைத்தால் வேண்டியதை மட்டும் உருவலாம். வீட்டுக்குள் கட்டிய கொடியில் காய்ந்த துணி மறுநாளுக்குத் தங்கக் கூடாது, தங்கினால் கொடியே பீரோவாகிவிடும். விளக்கேற்றும் நேரத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கினால் இதெல்லாம் முடியும்.

கடைசியாக மொட்டை மாடியும் தண்ணீர் டிரம்மும். உடைந்த பூந்தொட்டி, டயர், கொட்டாங்குச்சி, பெயின்ட் டப்பா எதையும் மேலே போட்டு வைக்காதீர்கள், தேங்கும் மழைநீரில் டெங்கு கொசு முட்டையிடும். 200 லிட்டர் டிரம்மை இடுக்கில்லாத மூடியால் மூடி, வாரம் ஒருமுறை காலி செய்து உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டுவதால் மட்டும் அவை போகாது.