காயர் பித் தொழிலா? பிரஸ் மெஷினுக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களில் தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் மிஞ்சுகிற தூள்தான் காயர் பித். ஒரு காலத்தில் ரோட்டோரம் குப்பையாகக் குவிந்து கிடந்த இந்தத் தூள், இன்று 5 கிலோ கட்டியாக அழுத்தப்பட்டு வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. இதில் இறங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் விசாரிப்பது பிரஸ் மெஷின் விலையை. அது அப்புறம். முதலில் உங்கள் போர் தண்ணீரைச் சோதியுங்கள்.

தூளில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் ஏறியிருக்கும், அப்படியே வைத்தால் செடி கருகும். உப்பின் அளவைத் தொழிலில் 'ஈசி' (EC, அதாவது மின்கடத்துத் திறன்; mS/cm கணக்கில் அளப்பார்கள்) என்பார்கள். கழுவாதது ஹை ஈசி, நன்றாகக் கழுவி 0.5-க்குக் கீழே இறக்கினால் லோ ஈசி, விலை வித்தியாசமே இங்கேதான் இருக்கிறது. உங்கள் தண்ணீரே உப்பு என்றால் எத்தனை தடவை கழுவினாலும் அந்த அளவுக்குக் கீழே இறங்காது. ஈசி மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், பெரிய செலவில்லை.

ஈரத் தூளை எடை போட்டு வாங்காதீர்கள், பாதிக்குமேல் தண்ணீருக்குத்தான் காசு கொடுப்பீர்கள். லோடு கணக்கில் பேசுங்கள். காயவைக்க சிமென்ட் களம் வேண்டும்; மண் தரையில் காயவைத்தால் களைவிதை கலந்துவிடும், ஏற்றுமதிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மழைக்காலத்தில் களம் சும்மா கிடக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். கழுவின பழுப்புத் தண்ணீரை ஓடையில் விட்டால் பக்கத்துக் கிணறுகள் கெடும், ஊரே சண்டைக்கு வரும், வரவும் வேண்டும். தொட்டி கட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வாங்கியபின் வேலையைத் தொடங்குங்கள்.

கையில் முதல் குறைவா? உரமாக்கி விற்கலாம். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இது: 1 டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்து. தூளை ஒரு அடுக்கு பரப்பி வித்து, அடுத்த அடுக்கில் யூரியா என்று மாற்றி மாற்றித் தூவி, நிழலில் ஈரம் காயாமல் வைத்தால் இரண்டு மாதத்தில் கருத்து மட்கிவிடும். மாடித்தோட்டக்காரர்கள் சின்னப் பைகளில் வாங்குவார்கள். ஆனால் முதல் பைகளைப் பக்கத்து நர்சரியில் இலவசமாகக் கொடுத்து, நாற்று எப்படி வருகிறது என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.